ஆடும் சக்கரமும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. அவரோடு ஒரு முறை லிஃப்ட்டில் ஏறிப் பாருங்கள், நான் படும் பாடு தெரியும். கதவு மூடியதும் மற்றவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டுவார். "மூணாவது மாடி தாண்டும்போது ஒரு உரசல் கேட்டுச்சே, கவனிச்சீங்களா?" என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பார். அவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் நடந்து போவார்கள்.

லிஃப்ட்டோடு நின்றால் பரவாயில்லை. ஆடுகிற எதுவுமே அவருக்கு ஆகாது. நாற்காலி, கதவுக் கைப்பிடி, பல் டாக்டர் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கும் விளக்கு, எதுவானாலும் கை தானாகப் போய்விடும். எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், கையெழுத்துப் போடச் சொன்னதும் ஆளைக் காணோம். மேஜைக்கு அடியில் இருந்தார். ஒரு கால் ஆடியதாம். காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். அழகாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரி வரை படிக்கிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது? நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், நானே அதைப் படித்ததில்லை.

இந்த வக்கீலும் அவள் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரும் சேர்ந்து, குழந்தைகள் தாங்களே யோசித்துத் தீர்வு கண்டுபிடிக்கிற போட்டி ஒன்றில் சேர்ந்தார்கள். போட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. பெரியவர்கள் யாரும் உதவக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, "அப்படி இல்ல, இப்படி" என்று கண்ணால்கூடக் காட்டக் கூடாது. மீறினால் குழு வெளியே. சட்டத்தைப் படித்து முடித்ததும் வக்கீல் நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, ரெண்டு கையையும் காட்டுங்க."

காட்டினார்.

"இந்த ரெண்டும் போட்டி முடியற வரைக்கும் என் ரூம் பக்கம் வரக் கூடாது. நீங்களும் எட்டிப் பார்க்கக் கூடாது. நாங்க என்ன செய்யறோம்னு கேக்கவும் கூடாது."

"நான் ஏன்மா வரப்போறேன்?" என்றார் பெரிய மனுஷர். அடுத்த நாளே கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"உள்ள என்னமோ கடகடன்னு ஆடுது," என்றார் பாவமாக.

"ஆடட்டும்."

"இல்லம்மா, ஒரே ஒரு நட்டுதான் லூஸா இருக்கும். சத்தத்தை வெச்சே சொல்லிடலாம்."

"வாயைத் திறந்தீங்க, உங்களை உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

நான்கு மாதம் இப்படிப் போனது. மனிதருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அந்த நான்கு மாதத்தில் எங்கள் கட்டடத்தில் கீச்சென்று ஒலிக்கிற கதவு ஒன்றுகூட மிச்சமில்லை. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் மகளின் போட்டி இன்னும் இரண்டு மாதம் நீண்டால் தேவலை என்றார்கள்.

உள்ளூரில் ஜெயித்தார்கள், தேசிய அளவில் ஜெயித்தார்கள் (எங்களை அந்தப் பக்கமே வரவிடவில்லை வக்கீல்), உலகப் போட்டிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். எங்கோ வெளிநாட்டில். ஐந்து பிள்ளைகள், அழைத்துப் போகக் கணக்கு டீச்சர், சாமான் தூக்க நாங்கள் இருவர். பிள்ளைகள் செய்த வண்டி அவர்கள் பைகளில் அடங்கவில்லை. துண்டில் சுற்றி எங்கள் பெரிய பெட்டிக்குள் வைத்தாள் வக்கீல். பெட்டியை என் பொறுப்பில் விட்டாள், அப்பா பொறுப்பில் அல்ல.

விமான நிலையத்துச் சோதனையில் காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பிள்ளைகள் வேறு வரிசையில் இருந்தார்கள். நான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காவலர் துண்டைப் பிரித்து, வண்டியை எடுத்து, பக்கத்தில் நின்ற ஆளின் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் துழாவினார். பக்கத்தில் நின்ற ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நிமிர்ந்தபோது வண்டி மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. இவர் ஏதோ பாட்டை மெல்ல முனகிக்கொண்டிருந்தார். அவர் முனகினால் கை எங்கோ வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மறுநாள் காலை போட்டி. பெரிய விளையாட்டு அரங்கம். தரையெல்லாம் வண்ண நாடா ஒட்டிக் கட்டம் போட்டிருந்தார்கள். அட்டையில் செய்த திமிங்கலத்துக்குள் புகுந்து மூன்று பிள்ளைகள் நடந்து போனார்கள். ஒரு பையன் தலையில் புனலைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், மடக்கு நாற்காலிகளில். முறை வருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் அந்த வண்டி என்ன செய்யும் என்று எங்களுக்கே தெரிந்தது. டீச்சர் என் காதில் சொன்னார். இந்த வருஷத்துக் கேள்வி இதுதான்: உங்கள் கருவியில் ஒரு குறை இருக்க வேண்டும், அந்தக் குறைதான் வேலையைச் செய்ய வேண்டும். இவர்கள் வண்டியின் மேல் ஒரு தட்டு, தட்டில் மூன்று பந்து. பின்சக்கரம் ஒன்று லூஸ். அது ஆடி ஆடி, வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போதெல்லாம் ஒரு பந்து உருண்டு கீழே இருக்கும் கிண்ணத்தில் விழும். எந்த அளவுக்கு லூஸாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் பிடித்ததாம்.

வக்கீல் வண்டியைத் தள்ளினாள். அது கோடு போட்ட மாதிரி நேராகப் போய் நின்றது. ஒரு பந்துகூட அசையவில்லை. மறுபடி தள்ளினாள். மறுபடியும் அதே அழகு.

என் பக்கத்தில் இருந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா," என்றார், "அந்தச் சக்கரம் ஆடணுமா?"

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ரெண்டே ரெண்டு சுத்துதான். நகத்தாலயே. ஏர்போர்ட்ல அந்தக் காவலர் என் கையில குடுத்தாரு, லூஸா இருந்துச்சு…"

தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான், அவர் தலையில் அடிக்கக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரிகள் விடமாட்டார்கள். இவர் எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"எங்க போறீங்க?"

"போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா அதுதான் உதவி. அப்புறம் அஞ்சு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சொல்லலைன்னாலும் அதேதானே?"

நான் அவர் சட்டையை விடவில்லை. அங்கே பிள்ளைகள் தட்டைச் சாய்த்துப் பார்த்தார்கள், பந்தை மாற்றிப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். குழுவிலேயே சின்னவள், மிளகு என்று கூப்பிடுவார்கள், தரையில் உட்கார்ந்து விசும்ப ஆரம்பித்தாள். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். சொல்ல வழியில்லாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

கடைசியில் வக்கீல் வண்டியைத் தலைகீழாகத் திருப்பினாள். சக்கரத்து நட்டை விரலால் திருகினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். ம்ஹும். எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவே நாங்கள் இருவரும் மல்லுக்கட்ட வேண்டும், மூடியவர் அப்படி. அந்த இறுக்கம் அவளுக்குப் பழக்கம். மெல்லத் தலையை நிமிர்த்தி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த இருநூறு பெற்றோரில் ஒரே ஒருவரைப் பார்த்தாள். இவர் திருதிருவென்று முழித்தார். அதைவிட ஒரு வாக்குமூலம் வேண்டுமா?

குறடு எடுத்து நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். வண்டி ஆடியது, பந்து விழுந்தது, பிள்ளைகள் குதித்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இவள் வக்கீல் ஆயிற்றே. "வேற யாராவது தொட்டாங்களான்னு நாம எழுதித் தர்ற ஃபார்ம்ல கேட்டிருக்கு," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, நடுவர் மேஜைக்கு நடந்தாள். அப்பா பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள்.

தலைமை நடுவர் நரைத்த முடியுள்ள அம்மாள். முதலில் செய்து காட்டுங்கள், விசாரணை அப்புறம் என்றார்.

பிள்ளைகள் செய்து காட்டினார்கள். முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது தட்டின் விளிம்புவரை வந்து அங்கேயே நின்றது. வண்டியோ வேகம் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஆடு! இன்னும் ஆடு! நல்லா ஆடு!"

என் வீட்டுக்காரர்தான். ஆயுசு முழுக்க ஆட்டத்தை நிறுத்தியே பிழைத்த மனிதர். இதுவும் யோசனை சொன்ன கணக்கில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். நல்லவேளை, அந்த அரங்கத்தில் நடுவர் யாருக்கும் தமிழ் தெரியாது. சக்கரம் கடைசியாக ஒரு முறை கோணியது. பந்து விழுந்தது.

பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இவருக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் லிஃப்ட்டுக்குள் எழுதியிருக்கிற ஆங்கிலம்தான். ஆகவே குற்றவாளிக்கு மொழிபெயர்ப்பாளர் எதிர்க்கட்சி வக்கீலே.

நடுவர் அம்மாள் ஏதோ கேட்டார். வக்கீல் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, உண்மையை மட்டும் சொல்லுங்க. இந்த வண்டிக்கு நீங்க ஏதாவது உதவி பண்ணீங்களா?"

இவர் அவளையே பார்த்தார். யார் வீட்டுக்குப் போனாலும் எதையாவது சரி செய்யாமல் திரும்பாத மனிதர். பெற்ற மகள் நான்கு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலையில் தனக்கும் ஒரு துளி பங்கு இருக்காதா என்று எத்தனை ஏங்கினார் என்பது எனக்குத்தான் தெரியும்.

"இல்லம்மா. நான் கெடுத்துத்தான் வெச்சேன். நீங்களாத்தான் கண்டுபிடிச்சீங்க, நீங்களாத்தான் சரி பண்ணீங்க."

அவள் மொழிபெயர்த்தாள். பிறகு போட்டி விதிப் புத்தகத்தைப் பிரித்து, விதியில் விரலை வைத்துப் பேச ஆரம்பித்தாள். தடை செய்திருப்பது உதவியை. இவர் செய்தது உபத்திரவம். உபத்திரவத்துக்குத் தண்டனை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இவ்வளவுதான் அவள் வாதம். மூன்று நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நரைத்த அம்மாள் சிரிப்பை அடக்க வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். தண்டனை கிடையாது என்று தீர்ப்பானது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்று தகப்பனார் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இவர் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியை எழுத அவருக்கு அத்தனை நேரம் ஆனது.

நாற்பத்தாறு குழுவில் எங்கள் பிள்ளைகள் ஏழாவது. என்னமோ உலகத்தையே ஜெயித்த மாதிரி கத்தினார்கள். மிளகு கணக்கு டீச்சர் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

வெளியே படிக்கட்டில், வேறு ஏதோ நாட்டுத் தகப்பன் ஒருவர் வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் வண்டியைக் காட்டி, உன்னையும் சேர்த்துத்தானே பாராட்ட வேண்டும் என்பது போல இவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

"நோ, நோ. நான் ஒண்ணுமே பண்ணல சார். எல்லாம் அவங்களே!" என்று வெறும் கை இரண்டையும் விரித்துக் காட்டினார். அந்த ஆளுக்குப் புரிந்ததோ இல்லையோ, மறுபடியும் விரித்துக் காட்டினார். எத்தனையோ லிஃப்ட்டை ஓட வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன், இத்தனை பெருமையாக ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.