காற்றுக்குத் தெரிந்த வேகம்

“இப்ப நாப்பத்தி நாலு” என்கிறார் அப்பா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு குனிந்து பார்க்கிறார். வேகம் காட்டும் முள் நாற்பதில் நிற்கிறது. “காது போச்சு” என்று தன்னையே திட்டிக்கொண்டு கார்க் கண்ணாடியை ஏற்றுகிறார். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மறுபடியும் இரண்டு விரல் இறங்குகிறது.

முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். அவருடைய டிப்போவில் எந்த வண்டியிலும் முள் அசைந்ததில்லை. அதனால் கண்ணாடி இடுக்கில் நுழையும் காற்றை வைத்து வேகம் சொல்லப் பழகினார். நாற்பதில் ஊதுமாம், ஐம்பதில் சீட்டி அடிக்குமாம், அறுபதைத் தாண்டினால் “உங்கம்மா மாதிரி கத்தும்.” இப்போதெல்லாம் ஐம்பதின் சீட்டியோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார். சாலையோர வேகப் பலகையில் அறுபது என்றால் அவருக்கு அறுபதுதான். பின்னால் எவனாவது ஹாரனை அழுத்தினால், “அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும்ப்பா” என்பார்.

அம்மா இதைச் சோதிப்பாள். முள்ளின் மேல் கைக்குட்டையைப் போர்த்தி, “சொல்லுங்க பாப்போம்” என்பாள். சொன்னதும் விலக்கிப் பார்ப்பாள். ஒன்று, இரண்டுக்கு மேல் தப்பியதில்லை. அவளுடைய கடைசி வருடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பியது. எப்போதும் கூடுதலாகவே சொன்னார். “வயசாயிருச்சு உங்களுக்கு” என்று சிரித்தாள். நானும் சொன்னேன்: “அப்பா, இனிமே முள்ளைப் பாத்தே ஓட்டுங்க.” “இஞ்சினியரம்மா சொன்னா சரி” என்றார்.

ஐந்து மாதத்துக்கு முன், மழையில், அறுபது என்று பலகை வைத்த வளைவில் கார் வழுக்கிப் பாலச் சுவரில் மோதியது. மோதிய இடது பக்கத்தில் அம்மா இருந்தாள். மாற்றிய கதவின் நிறம் இன்னும் மற்றதோடு ஒட்டவில்லை. நான் அதன் பக்கத்தில் உட்கார்கிறேன்.

“முள்ளு அறுபதுதான் காட்டுச்சு. காத்து மட்டும் கத்துச்சு. எதை நம்புறதுன்னு தெரியல, முள்ளை நம்பிட்டேன்.” போலீஸ்காரரிடமும் பால்காரரிடமும் சொல் மாறாமல் இதையே சொன்னார். இந்த மாதம் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லையாம். “காது போனவனுக்கு எதுக்கும்மா ஸ்டியரிங்?”

போன ஞாயிறு, வழி பார்க்கக் கைப்பேசியை மடியில் வைத்திருந்தேன். அதுவும் வேகம் காட்டும். அப்பா நாற்பத்து நான்கு என்றார். முள் நாற்பது என்றது. கைப்பேசி நாற்பத்து நான்கு என்றது.

பள்ளங்களில் காரின் அடி தட்டுகிறதென்று ஒன்றரை வருடத்துக்கு முன் பெரிய டயர் போடவைத்தவள் நான். முள் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணும். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும், முள் குறைத்துக் காட்டும். இது எனக்குத் தெரிந்த கணக்கு. போடும்போது நினைவுக்கு வரவில்லை. முள் அறுபது என்றால் கார் அறுபத்தாறு. காற்றுக்கு டயரின் அளவு தெரியாது.

நிஜமாகவே அறுபதில் போயிருந்தால் அம்மா இருந்திருப்பாளா? ஒரு வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சாலையின் பிடிமானத்துக்கு ஓர் எண் வைத்தால் வளைவு தாங்குகிறது. சற்றுக் குறைத்தால் தாங்கவில்லை. அன்றைய ஈரம் எவ்வளவு என்று எந்தத் தாளிலும் இல்லை.

இன்று வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். “காது போகலப்பா. முள்ளுதான் தப்பு. நான் போட்ட டயரால.” எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அப்பா இன்ஜினை அணைத்தார்.

“அப்போ காத்து சரியாத்தான் கத்துச்சா?”

“ஆமாப்பா.”

“அது கத்தியும் நான் காலை எடுக்கலையே.”

“நான்தானே முள்ளைப் பாக்கச் சொன்னேன்.”

“நீ சொன்ன. நான் எதுக்குக் கேட்டேன்?”

இரண்டு லாரிகள் எங்களைக் கடந்து போயின. கார் லேசாக ஆடி நின்றது. அப்பா இன்ஜினைக் கிளப்பினார். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினார். பிறகு, முன்னால் சாலையைப் பார்த்தபடியே, சட்டைப்பையிலிருந்து அம்மாவின் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.