கட்டிலுக்கடியில் எதிரி மண்

இத்தாலியின் சியெனா நகரம் தோன்றிய நாளிலிருந்து எர்சிலியாவைப் போல வெறுக்கத் தெரிந்தவள் பிறந்ததில்லை; அவள் முறைத்தால் மணிக்கூண்டே சாய்ந்துவிடும். அவள் பிறந்தது சிப்பிப் பேட்டையில், வாழ்க்கைப்பட்டதோ பரம எதிரியான கடாப் பேட்டையில். பேட்டைகள் மோதும் குதிரைப் பந்தயம் நெருங்கினால் புருஷனோடு பேச்சை முறித்துத் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள்.

எந்தப் பேட்டை மண்ணின்மேல் பிறக்கிறதோ அந்தப் பேட்டைக்கே பிள்ளை சொந்தம் என்பது ஊர் வழக்கம். பிரசவ ஆஸ்பத்திரியில், பிள்ளை தன் கடாப் பேட்டை மண்ணின்மேல்தான் பிறக்க வேண்டுமென்று, புருஷன் கொர்ராடோ ஒரு பை மண்ணைக் கட்டிலுக்கடியில் வைத்தான். வலியில் கிடந்தவளால் அதை உதைக்கக்கூட முடியவில்லை.

"தோத்துட்டீங்களா அண்ணி?" என்று கொழுந்தன் நெல்லோ இளித்தான்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். நெல்லோவால் அதைத் தாங்க முடியவில்லை. சிப்பிப் பேட்டைக்கு ஓடிப்போய் மண்ணைத் தோண்டி எடுத்துவந்து, யாருக்கும் தெரியாமல் பையில் மாற்றிக் கொட்டினான்.

பெண் குழந்தை பிறந்தது. "கடா வம்சம்டா!" என்று கொர்ராடோ வராந்தாவில் கூத்தாடினான்.

எர்சிலியா நெல்லோவின் நகங்களைப் பார்த்தாள். "கையெல்லாம் ஏன்டா மண்ணு? எங்க பேட்டை மண்ணா?"

"மெதுவா அண்ணி. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்."

அவன் அவள் முகத்தில் கொஞ்சம் நன்றியைத் தேடினான். அவள் கதவுப்பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்:

"ஏங்க, இங்க வாங்க! உங்க தம்பி பண்ணின காரியத்தப் பாருங்க!"