ஐம்பதைத் தாண்டிய பாட்டில்

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. மனிதத் தோலின் செல்களையும், ஒப்பிட்டுப் பார்க்கக் கேன்சர் செல்களையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் வளர்க்க வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் மாடு அறுக்கும் இடத்தில் கன்றின் ரத்தம் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, தெளியவைத்து அவற்றுக்கு ஊட்டுவேன். தோல் பதனிடும் கம்பெனி ஆட்களே என்னிடமிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவார்கள்.

எங்கள் புரொபசர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். அதனாலோ என்னவோ, செல் ஏன் கிழடாகிறது என்பதே அவருக்கு ஓயாத கவலை.

"ஒவ்வொரு தடவ செல்லு ரெண்டா பிரியறப்பவும் டி.என்.ஏ. முனை கொஞ்சம் தேயுதும்மா, துவைக்கிற லுங்கி ஓரம் மாதிரி. அம்பது தடவ ஆனா நின்னுடும். கேன்சர் செல்லு மட்டும் தேயாம எப்படியோ தப்பிச்சுக்குது" என்பார். அன்றைக்கு அது வெறும் யூகம்.

கேன்சர் ஆகாமலே நிற்காமல் பிரியும் செல் அவருக்கு வேண்டும். அது கிடைத்தால் அவருக்குப் பணி நீட்டிப்பு. அவர் நீடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு பாட்டில் ஐம்பதைத் தாண்டியும் பிரிந்துகொண்டே போனது. மனுஷர் தலைகால் புரியாமல் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து, கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சியே சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் குரோமோசோம்களை எண்ணினேன். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் எழுபதுக்குக் குறையவில்லை. அது கேன்சர் செல்லின் கணக்கு. கன்று ரத்தம் வீணாகக் கூடாதே என்று, கேன்சர் செல்லுக்கு ஊட்டிய குழாயில் மிஞ்சியதை இதற்கும் ஊட்டிய புண்ணியவதி நான்தான். மிஞ்சிய சாம்பாரைக் கொட்டாத வீட்டில் வளர்ந்த புத்தி வேறெங்கே போகும்?

போய்ச் சொல்லிவிட்டேன். "சார், அது கேன்சர் செல்லு. நான்தான் கலந்துட்டேன்."

மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "இன்னா பண்ணலாம்ன்ற?"

"தப்புன்னு எழுதிப் போட்ரலாம் சார்."

"உனக்கு வேலை நெரந்தரம் ஆவ வேணாமா?"

வேண்டும் என்றேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

பாட்டிலை அவரே கொதிநீரில் போட்டார். கை தவறி உடைந்தது என்று பதிவேட்டில் நான் எழுதினேன். முதலில் எழுதிப்போட்டது அப்படியே நின்றது; மேலிடத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருக்கு நீட்டிப்பு, எனக்கு நிரந்தரம் என்று இருவருக்கும் ஆர்டர் வந்தது.

அப்புறமும் அவர் வகுப்பு எடுத்தார். "நிக்க வேண்டிய நேரத்துல நிக்காத செல்லு, பக்கத்துல இருக்கறதோட சாப்பாட்டையும் சேத்துத் தின்னுடும்" என்று சொல்லும்போதெல்லாம் நான் ஸ்லைடு துடைக்கக் குனிந்துகொள்வேன்.

அவர் இன்னும் ஐந்து வருஷம் இருந்தார். நான் இருபத்தெட்டு.