பிழை இல்லை என்று நான் சொன்ன விளையாட்டு

வெளிநாட்டில், ரோவில் என்ற ஊரில் எங்களோடு தங்கியிருந்த என் மனைவியின் தம்பி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப்டொப்பைக் குசினி மேசையில் கொண்டுவந்து வைத்தான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் மனைவியை இங்கே கூப்பிட்டெடுக்கச் சேர்த்த காசையெல்லாம் ஒன்லைன் கசினோ ஒன்றில் விட்டிருந்தான்.

"அத்தான், நீங்கள் சொஃப்ட்வெயர் செக் பண்ணுற ஆள்தானே. இவங்கள் களவு செய்ததைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ. கொம்ப்ளெயின் பண்ணினா காசு திரும்பி வரும்."

பெரிய துப்பறிவாளன் போலக் கண்ணாடியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கசினோவின் பக்கத்தில் இருந்த உரிமச் சின்னத்தைத் தட்டினேன். போலியென்றால் அது வெறும் படமாக நிற்கும். இதுவோ உரிமம் கொடுத்த அமைப்பின் பக்கத்தையே திறந்தது. அடுத்தது அவன் தோற்ற ஆட்டங்கள். ஆட்டத்துக்கு முன்பே பூட்டிய குறியீடு ஒன்றைத் தருவார்கள். முடிந்தபின் அதற்குள் இருந்த எண்ணைக் காட்டுவார்கள். அந்த எண்ணை, சரிபார்ப்பதற்கென்றே இருக்கும் வேறொரு தளத்தில் போட்டால் அதே குறியீடு வரவேண்டும். வந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை.

வேலையில் இத்தனை வருடமும் பிழை இருக்கக்கூடாதென்று கும்பிட்டவன், அன்று ஒரு பிழை தா முருகா என்று கும்பிட்டேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

அவனுக்கு விளங்கட்டுமென்று, நம் சனம் மாதாமாதம் காசு போட்டுக் குலுக்கும் சீட்டை உதாரணத்துக்கு இழுத்தேன். "எல்லாருக்கும் முன்னால பேர் எழுதின துண்டைச் சுருட்டிப் போடுறம் எல்லே? பிறகு ஒருத்தரும் மாத்தேலாது. இதுவும் அப்பிடித்தான். களவில்லை."

அவன் முகம் தெளிந்தது. விளங்கிவிட்டதாக்கும் என்று தேத்தண்ணி போட எழும்பினேன்.

"அப்ப எனக்கும் ஒருநாள் விழத்தானே வேணும், அத்தான்."

கேத்தலைத் திரும்ப வைத்தேன். பிழை என் உதாரணத்தில் இருந்தது. சீட்டில் ஒருமுறை எடுத்தவரின் பெயர் பிறகு குலுக்கலில் இராது. அதனால் காத்திருந்தால் எல்லோருக்கும் முறை வரும்.

"டேய், இதில உன்ர முறை எண்டு ஒண்டு இல்லையடா. நேர்மையா நடந்தாலும் கணக்கு அவங்கட பக்கம்தான் சாய்ஞ்சிருக்கு. அதை ஒளிக்காமல் எழுதியும் வைச்சிருக்கிறாங்கள்." வாழைப்பழத்தையும் தோடம்பழங்களையும் மேசையில் அடுக்கி விளக்கினேன். பதற்றத்தில் வாழைப்பழத்தை நானே சாப்பிட்டும் விட்டேன்.

"ஓம், ஓம். களவில்லையெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்," என்று லேப்டொப்பை மூடினான்.

அடுத்த கிழமை அவனுடைய மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு அழைத்தாள்.

"அண்ணா, காசு போன கதை கேட்டு நான் சரியாப் பயந்து போனன். நீங்கள் செக் பண்ணிப் பாத்துப் பிழையில்லை எண்டனீங்களாம், இவர் சொன்னவர். பிறகுதான் நிம்மதி. தாலிக்கொடியை அடைவு வைச்சு இவருக்கு விளையாட இன்னும் கொஞ்சக் காசு அனுப்பினனான்."

செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

"தங்கச்சி," என்றேன்.

"ஹலோ? அண்ணா, லைன் கட்டாகுதோ?"