வெர்ன் டெக்கர் விட்ட பத்தொன்பது பந்துகள்

எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்குப் பதினேழு வருஷம் கேட்சராக இருந்தவன் வெர்ன் டெக்கர். வாரம் முழுக்க விடியற்காலையில் பால் லாரியை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவான். ஞாயிற்றுக்கிழமை மதியம் முகமூடியை மாட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பந்தெறிகிற பிட்சர் வீசுவதையெல்லாம் பிடித்து வாங்கிக்கொள்வான். இடது கை சுட்டுவிரல் இரண்டு தடவை முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. அதைப் பற்றி அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

பிட்சர் எறிந்த பந்து, மட்டைக்காரன் நிற்கும் இடத்தில் பதித்திருக்கிற தட்டுக்கு முன்னால் மண்ணில் குத்தி எகிறிப் போனாலும், இவன் தன் மார்பில் தட்டி "என் தப்பு" என்பான். எதிரணிக்காரர்கள் முன்னால் பிட்சரைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கேட்சர்களின் வழக்கம். மற்றவர்கள் அதைச் சும்மா பேச்சுக்குச் செய்வார்கள். வெர்ன் நிஜமாகவே அப்படி நினைக்கிற ஆள்.

பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவனை, ஆறு ஊர் அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி நடத்தும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு எடுத்ததில்லை. அந்த வருஷம் அந்த ஆட்டம் எங்கள் ஊர் மைதானத்திலேயே நடப்பதாக இருந்தது. அவன் முழங்கால்களோ அடுத்த வருஷத்தைப் பார்க்கிற நிலையில் இல்லை. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் என்னைக் கேட்டான்.

"மார்வ், இந்த வருஷமாச்சும் என் பேரு வருமாடா?"

"வராம எங்க போகுது? வாய மூடிட்டு தின்னு," என்றேன்.

எதையும் கேட்டறியாதவன் கேட்டது அது ஒன்றுதான். நான் அணியின் ஸ்கோரர், ஆட்டக் கணக்கு எழுதுகிறவன். அதனால் என்னைக் கேட்டான்.

ஆல் ஸ்டார் தேர்வு என்றாலே எனக்குக் குமட்டும். ஜூலை முதல் ஞாயிறு காலை, பௌலிங் கூடத்தின் பின்னறையில் ஆறு ஊர் மேனேஜர்களும் உட்காருவார்கள். தன் ஆட்டக்காரனுக்குத் தானே ஓட்டுப் போடக்கூடாது என்று ஒரு விதி. நியாயமாக இருக்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ போட்டது. அதனாலேயே அது மாட்டுச் சந்தையாகிப் போனது. நீ என் ஆளுக்குப் போடு, நான் உன் ஆளுக்குப் போடுகிறேன் என்று மேசைக்கடியில் கண்ஜாடை நடக்கும். இன்னொரு விதி, எவ்வளவு மட்டமான அணியானாலும் ஒருத்தனையாவது எடுத்தாக வேண்டும் என்பது. அந்த வருஷம் பதினோரு ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணியிலிருந்து, கணுக்கால் சுளுக்கி ஆறு வாரமாகக் களத்தையே மிதிக்காத ஒருத்தனை எடுத்தார்கள்.

"அவன் நல்ல பையன்யா," என்றார் அந்த மேனேஜர்.

"நல்ல பையன்னா சர்ச்சுல பாடச் சொல்லு," என்றார் பக்கத்து ஊர் மேனேஜர் டென்னிஸ் ஓபர்க். சொல்லிவிட்டு, பதிலுக்குத் தன் ஆளுக்கு ஓட்டு வரும் என்று ஜாடை வந்ததும், அந்தக் கணுக்காலுக்கே கையைத் தூக்கினார். வெட்கம் கெட்ட மனுஷன்.

இப்படியே இரண்டு மணி நேரம். ஒன்பது பிழை செய்தவன் 'துடிப்பானவன்' ஆனான். இரண்டே பிழை செய்தவன் 'கொஞ்சம் மந்தம்' ஆனான். அறை முழுக்கப் பீர் வாசமும் வினிகரில் ஊறிய முட்டை வாசமும். மடியில் ஸ்கோர் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஸ்கோரருக்கு ஓட்டு கிடையாது. எண்களைக் கேட்டால் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்சர் முறை வந்தது. எங்கள் வெர்னா, ஓபர்க்கின் அணியில் இருந்த கைல் என்ற இருபத்து நான்கு வயதுக்காரனா என்று போட்டி. ஒரு மேனேஜர் வெர்னுக்காகப் பேசினார்.

"பந்து அடிபடறதுக்கு முன்னாடியே அடுத்த தளத்தத் திருட ஓடினவங்க முப்பது பேர்ல இருபது பேர எறிஞ்சு அவுட்டாக்கியிருக்கான். கைல் எறிஞ்சா பந்து பக்கத்து வயல்ல போய் விழுது. இதுல பேச என்னய்யா இருக்கு?"

ஓபர்க் சிரித்தார். "மார்வ், உங்க புக்கையே தெற. உங்க ஆளு இந்த வருஷம் கோட்டை விட்ட பந்து எத்தனை?"

புத்தகத்தைத் திறக்காமலே, "பத்தொன்பது," என்றேன்.

"பத்தொன்பது. வலையில ஓட்டை இருந்தாக்கூட இத்தனை போகாதேய்யா."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் மேனேஜர் காஸ் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்தொன்பது எப்படி வந்தது என்று அந்த அறையில் காஸுக்கும் எனக்கும்தான் தெரியும். பந்து மண்ணில் குத்தி எகிறினால் அது பிட்சரின் தப்பு. கைக்கு வந்ததைத் தவறவிட்டால் கேட்சரின் தப்பு. எது எதுவென்று எழுதுவது ஸ்கோரர். கேட்சர் தப்பால் வந்த ரன் பிட்சர் கணக்கில் ஏறாது. எங்கள் பிட்சர் ட்ராய், காஸின் தங்கை மகன். வளைத்து எறிகிறேன் என்று மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான். மே மாதமே காஸ் என் தோளில் கை போட்டுச் சொன்னார்.

"காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கறவங்க ட்ராயோட நம்பரப் பாக்கறாங்க மார்வ். சந்தேகமா இருந்தா வெர்ன் பேர்ல எழுதிடு. அவனுக்கு நாப்பது வயசு, நம்பர வச்சு என்ன பண்ணப் போறான்?"

சந்தேகமே இல்லாத பந்துகளையும் எழுதினேன். பணத்துக்காக இல்லை. மேனேஜர் என் தோளில் கை போட்டார், அதற்காக. தட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது, அது போய்விடக் கூடாது, அதற்காக. இவ்வளவு அற்பமான காரணத்துக்கு ஒருத்தன் இவ்வளவு அற்பமான காரியம் செய்வான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

வெர்னுக்காகப் பேசிய மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரியா எழுதினதுதானே மார்வ்? அந்த ட்ராய் எறியறத நானே பாத்திருக்கேன்."

ஒரு வார்த்தை போதும். காஸ் என்னைப் பார்த்தார்.

"எழுதினது எழுதினதுதான்," என்றேன்.

கைலுக்கு நாலு கை உயர்ந்தன. அடுத்த நிமிஷம், ஓபர்க்கின் கையோடு சேர்ந்து, ட்ராயும் ஆல் ஸ்டார் பிட்சர் ஆனான். காஸ் எனக்கு ஒரு பீர் சொன்னார். அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நேராக வெர்ன் வீட்டுக்குப் போனேன். வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி லுவான் படியில் உட்கார்ந்து, தன் தோளில் ஐஸ் பையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேரு வரல," என்றேன்.

"எப்படிடா வரும்? பத்தொன்பது விட்டவனுக்கு." குழாயை மூடினான். "நானே காஸ்கிட்ட சொல்லிட்டேன், நேத்து. இந்த வாரத்தோட போதும், வேற ஆளப் பாத்துக்கங்கன்னு."

"காஸ் என்ன சொன்னாரு?"

"வயசாச்சு வெர்ன், யாருக்கும் நடக்கறதுதான்னாரு. நல்ல மனுஷன்."

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம், தோளில் விழுந்த கை, நான் படித்த எண், நான் சொன்ன கடைசி வார்த்தை வரைக்கும்.

முதலில் பேசியது லுவான். "அவன் புடிச்சுப் பழகட்டும்னு தெனமும் சாயங்காலம் பத்தடி தள்ளி நின்னு அவன் முன்னால மண்ணுல குத்தற மாதிரி பந்து எறிஞ்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசமா. நூறு, நூத்தம்பது. கை தூக்க வரல எனக்கு இப்போ. நீ ஒரு பென்சில வச்சுக்கிட்டு இதப் பண்ணியிருக்க."

வெர்ன் அவள் பக்கம் திரும்பவில்லை. கோபப்படவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று நின்றேன்.

"பெட்ரோல் பங்க்ல வாராவாரம் ஒட்டுற உன் ஸ்கோர் தாளப் பாத்துப் பாத்து, என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்டா," என்றான். "நல்லாப் புடிச்ச மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வந்தா தாள் வேற சொல்லும். சரி, தாள்தான் நெசம்னு விட்டுட்டேன்."

"வெர்ன்..."

"ட்ராயோடது எத்தனை அதுல?"

"பதினாலு."

உதட்டை அசைத்துக் கழித்துப் பார்த்தான். இன்னொரு தடவை கழித்தான்.

"அப்போ என்னுது அஞ்சு," என்றான். "அஞ்சு. பதினேழு வருஷத்துல இதாண்டா என் நல்ல வருஷம்."