மறுசவாரி

பிரீச்சர் செத்ததற்கு எங்கள் ஊர் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கியது. பிரீச்சர் ஒரு காளை. சர்ச் பக்கமே எட்டிப் பார்க்காதவனையும் மண்டியிட வைக்கும் என்றுதான் அந்தப் பாதிரிப் பேர். காளைச் சவாரியில் ஒக்லஹோமாவிலேயே அதை அடக்க ஆளில்லை, சாம்பியன். மைதான வாசலிலேயே புதைத்து, பளபளவென்று ஒரு கல்லும் நட்டார்கள். அதன் முதுகிலிருந்து விழுந்து செத்த என் அத்தான் ஆர்லனின் கல் ஊருக்கு வெளியே களைக்குள் கிடக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காளை மேல் எனக்குக் கோபமில்லை. முதுகில் எவன் ஏறினாலும் உதறத்தான் செய்யும். கோபமெல்லாம் இரண்டு காலில் நடக்கிறவர்கள் மேல்தான்.

என் அக்கா லவானா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பிள்ளைகளைக்கூட அதட்டத் தெரியாதவள். அத்தான் செத்த அன்று போட்டியில் அவருக்குச் சீட்டில் வந்த முதல் காளை கூண்டை விட்டு வந்ததும் இடறி விழுந்தது. அத்தானின் தலை வேலிக் கம்பியில் மோதியது. காளை விழுந்தால் வேறொரு காளையில் மறுசவாரி உண்டு. வேண்டாம் என்றும் சொல்லலாம், விதியில் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் எவனும் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் காப்பிக் கடைக்குள் தலைகாட்ட முடியாது.

"இவர் என்னை அம்மாங்கறார், டெல்பர்ட். ஆளே தெரியல இவருக்கு. விட்டுடுங்க," என்று அக்கா கெஞ்சினாள்.

போட்டிக் கமிட்டித் தலைவர் டெல்பர்ட் ஸ்டோக்ஸ் சிரித்தார். "கட்டினவன் அம்மான்னா சந்தோஷப்படும்மா! மூஞ்சில தண்ணி அடிச்சா சரியாயிடுவான்."

மறுசவாரிக்கு வந்தது பிரீச்சர். அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன். சாவு வீட்டுக்கு வந்தவர்கள், "ஆசைப்பட்ட வேலையிலயே போயிட்டான்" என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு, வறுத்த கோழியைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

பிரீச்சரின் கல் திறப்புக்கு அக்காவையும் கூப்பிட்டார்கள். வெட்கங்கெட்டவர்கள்! போகாதே என்றேன். போனாள்.

அன்று மதியப் போட்டியில் வேட் ஹன்னிகட் என்ற இளைஞனின் காளை இடறி, அவனைத் தலைகுப்புறத் தள்ளியது. மறுசவாரி என்று ஒலிபெருக்கி அலறியது. கூட்டம் விசிலடித்தது. தள்ளாடிக்கொண்டே அவன் அடுத்த கூண்டில் ஏறினான்.

அக்கா வேலியேறிக் குதித்து, அந்தக் கூண்டின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். அவள் நகராமல் கதவு திறக்காது.

"பைத்தியமா உனக்கு? நகரு!" என்று டெல்பர்ட் கத்தினார்.

"ஆமா, பைத்தியம்தான். வந்து இழுத்துப் போடுங்க பார்ப்போம்." பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி, இப்போ உன்னைத் தள்ளுச்சே, அந்தக் காளை என்ன நிறம்? சொல்லு, நகர்ந்துடறேன்."

வேட் கண்ணைச் சுருக்கி மைதானத்தைத் தேடினான். "கறுப்பு," என்றான் கடைசியில்.

ஊரே பார்த்த வெள்ளைக் காளை அது. விசில் நின்றது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைக் கீழே இறக்கினார்கள். டெல்பர்ட் சும்மா இருந்தாரா? "வேட் மறுசவாரி வேண்டாம்னுட்டார்!" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் ஊளையிட்டது.

மூளையில் ரத்தம் கசிந்திருந்ததாம், இன்னொரு அடி பட்டிருந்தால் முடிந்தது என்றார் டாக்டர். வேட் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஊர் முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று, அக்காவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவின் அந்தப் பக்கமாக நடந்து போகிறான்.

"நடக்கறான்ல, அது போதும்டி," என்கிறாள் அக்கா.

எனக்குப் போதாது.