பட்டு கட்டிய புட்டி

மலைமேல் அணை கட்டுவதற்கு ஊர் ஊராக ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் சிலர் குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்தார்கள். சிலர் வரவே இல்லை. அந்த வருடம் பருவம் தப்பிய மழையில் பந்தலிலேயே திராட்சை வெடித்துவிட்டது. வாங்க ஆளில்லாததை மிதித்து ரசமாக்கிச் சாடிகளில் ஊற்றினோம். கோயில் பூசைக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு சாடி போதும், மிச்சம் காசாகாமல் கிடந்தது. மாதா திருவிழா முடிந்ததும் அணை வேலைக்கு வருவதாக என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். எனக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

அணைத் துரையிடம் பட்லராக இருந்தவர் என் தாய்வீட்டு ஊர்க்காரர். அண்ணன் முறை. திருவிழாவுக்கு முன்னால் இறங்கி வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒங்க தொரைக்கு எங்க ரசத்தக் குடுத்துப் பாருங்களேன். அவுக மாசாமாசம் வாங்குனா இவுக மேல போக வேண்டியதில்ல."

"ரசம் நல்ல ரசந்தான் தங்கச்சி. ஆனா சாடியில கொண்டுபோனா எண்ணெய்னு வெளக்குல ஊத்தீருவாக. தொரைமாருக மொதல்ல கண்ணாலதான் குடிப்பாக, பெறகுதான் வாயால. பாக்க ஒசத்தியா இருக்கணும்."

துரை குடித்துப் போட்ட பச்சைப் புட்டி ஒன்றையும் தந்துவிட்டுப் போனார்.

ஒசத்தி என்றால் எப்படி இருக்கும்? நான் கண்ட ஒசத்தி ஒன்றுதான். திருவிழா அன்று சப்பரத்தில் வரும் மாதா சுரூபம். நீலப் பட்டு, சரிகைக் கரை, தலையில் கிரீடம். புட்டியில் ரசத்தை நிரப்பி, என் கல்யாணக் கூறைப்புடவையில் முந்தியை வெட்டி அதற்குக் கட்டினேன். சரிகையைக் கழுத்தில் சுற்றினேன். தக்கையின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, தங்கக் காகிதத்தில் கிரீடம் வைத்தேன்.

வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இதுக்குக் காது மட்டும் குத்தலையா?"

"காது இருந்தாத்தான குத்துறதுக்கு? ஒங்களுக்கு ரெண்டு இருக்கு, நான் சொல்றது எதாவது கேக்குதா?"

புட்டி மலையேறியது. திருவிழா முடிந்த மறுநாள் பட்லர் அண்ணன் கூடையோடு வந்தார். உள்ளே அதே புட்டி. கிரீடம்கூடக் கோணவில்லை.

"என்னண்ணே, தொரைக்குப் பிடிக்கலையா?"

"குடிச்சாத்தான பிடிக்க? மேசையில வச்சேன். சமையக்காரன் வந்து பாத்தான், தலப்பாவ எடுத்துட்டு முட்டி போட்டுட்டான். தண்ணி எடுக்குற பொம்பளைக பூவக் கொண்டாந்து வச்சாளுக."

"நீங்க தெறக்க வேண்டியதுதான?"

"எப்படித்தா தெறப்பேன்? மாதா கிரீடத்தக் கழட்டிக் கழுத்தத் திருகச் சொல்றியா? தொரை பாத்தாக. 'இது ஒங்க சாமி போல, பத்திரமாக் கொண்டுபோயி வையி'ன்னுட்டாக."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போது உள்ளிருந்து வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"கம்பளியும் ஒரு சட்டியும் எடுத்து வையி. நாளைக்குக் காலையில ஆளுக ஏறுறாக."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டை அவிழ்க்க எனக்கும் கை வரவில்லை. "ஆத்தா, இது நீயில்ல, வெறும் ரசந்தான், கோவிச்சுக்காத" என்று சிலுவை போட்டுக்கொண்டு முடிச்சை இழுத்தேன்.

"தொரை வழக்கமாக் குடிக்கிற புட்டி எப்படிண்ணே இருக்கும்?"

"கழுத்துல செவப்பு அரக்கு. வயித்துல சின்னதா ஒரு காயிதம், அதுல எழுத்து. அம்புட்டுத்தான்."

"எனக்குச் சிலுவை ஒண்ணுதான் எழுதத் தெரியும். அதப் போட்டா மறுபடியும் முட்டி போட்டுருவாக."

சாம்பலால் புட்டியைப் பளபளவென்று தேய்த்தேன். கழுத்தை அரக்கில் முக்கி எடுத்தேன். பந்தலில் ஒரு கொழுந்திலையைப் பறித்து, துணிக்குப் போடும் அவுரி நீலத்தில் தோய்த்து, வெள்ளைத் தாளில் அழுத்தினேன். நரம்பு நரம்பாக இலை பதிந்தது. அதை ஒட்டியபோது எனக்கு அழுகைதான் வந்தது. என் பட்டு போன இடத்தில் ஒரு இலை.

மறுநாள் காலையில் அந்தப் புட்டியை என் வீட்டுக்காரரே கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏறினார். துரைக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மேஸ்திரிக்குச் சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். நான் பந்தலடியில் நின்றேன், கண்ணுக்கு மறையும்வரை.

அதற்குப் பின் மேலிருந்து இறங்கி வந்த ஆட்களை எல்லாம் மறித்துக் கேட்டேன். ஒருவர் நல்லா இருக்காக என்றார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் என்னைத் தூங்கவிடவில்லை.

மழை தொடங்கும் நேரத்தில் பட்லர் அண்ணன் கழுதைமேல் வெறும் புட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, தொரை ஒரே மூச்சுல பாதிய முடிச்சுட்டாக! எல்லாத்துலயும் அந்த எலைய ஒட்டி நெரப்பிக் குடு."

உள்ளே சாடிகளில் ரசம் தளும்பிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

"ரசம் ஏதுண்ணே? மிதிக்கிற பக்குவம் தெரிஞ்ச எங்க வீட்டுக் காலு அங்கன கல்லுச் சொமக்குது. அது எறங்கி வந்தாத்தான் இங்கன ரசம். தொரைகிட்டச் சொல்லுங்க."

"தொரைகிட்டயே பேரம் பேசுறியாத்தா!"

"பேரமில்லண்ணே. காலு இல்லையேன்னு சொல்றேன்."

அவர் போன பிறகு கதவில் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துரை கோபப்பட்டு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டால்? துரை விடச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் உயிரோடு இல்லாவிட்டால்?

துரை விட்டுவிட்டார். ஆனால் என் வீட்டுக்காரர் நடந்து வரவில்லை, கம்பளியில் தூளி கட்டி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பட்லர் அண்ணன் பின்னால் குடை பிடித்து வந்தார். உடம்பில் எலும்புதான் மிச்சம். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. திண்டில் சாய்த்து உட்காரவைத்ததும் அவர் கண் உள்ளறைக்குப் போனது.

"சாடியெல்லாம் நெறஞ்சிருக்கே. ரசமே இல்லன்னு சொல்லிவிட்டியாமே, திருட்டுக் கழுத?"

"மெல்லப் பேசுங்க. அண்ணே வாசல்ல நிக்கிறாக."

அவர் தோள் குலுங்கியது. பல் கிடுகிடுத்தது. சிரிக்கிறாரா, குளிர் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்த துணியை எல்லாம் அள்ளி அவர்மேல் போட்டேன்.